பருப்பு கூரையில் தெறித்த நாளிலிருந்து குக்கர் என்றாலே நடுக்கம்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். ஐந்து மாதங்களுக்கு முன் துவரம்பருப்பு வேகும்போது குக்கர் வெடித்துவிட்டது. மூடி அப்படியே இருந்தது. ஆனால், அதிலிருந்து பீய்ச்சியடித்த பருப்பு கூரைவரை போனது. யாருக்கும் காயமில்லை. குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு விசில் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. “லட்சத்தில் ஒன்று, இனி நடக்காது” என்கிறார் கணவர். புத்திக்குப் புரிகிறது, பயம் மட்டும் போகவில்லை.

பதில்: கணக்குச் சொல்லித் தீர்கிற பயமாக இருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கணவர்மீது கோபப்படாதீர்கள், அவர் சொல்வது சரிதான். ஆனால், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது.

முதலில் ஒரு திருத்தம். மூடி கழலாமல் பருப்பு பீய்ச்சியடித்தது என்றால், பெரும்பாலும் குக்கர் வெடிக்கவில்லை, சேஃப்டி வால்வு திறந்திருக்கிறது. பருப்பு நுரைத்துப் பொங்கும். அதன் தோலோ நுரையோ வெயிட் உட்காரும் குழாயை அடைத்தால் நீராவிக்கு வழியில்லை. அப்போது வெடிக்காமல் காப்பதற்காகவே அந்த வால்வு வைக்கப்பட்டிருக்கிறது. அன்று உங்களைப் பயமுறுத்தியதுதான் உங்களைக் காப்பாற்றியது.

ஆகவே பயத்தோடு மல்லுக்கட்டும் முன் குக்கரைக் கடைக்குக் கொண்டுபோய், அதே கம்பெனியின் புது வால்வும் காஸ்கட்டும் போட்டு வாங்குங்கள். பருப்பும் தண்ணீரும் சேர்த்துப் பாதி அளவைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து அடைப்பில்லையா என்று பாருங்கள். ஒரு முறை பார்த்தால் அது ஜாக்கிரதை. நான்கு முறை பார்த்தால் பயம் உங்களை வேலை வாங்குகிறது.

இனி பயத்துக்கு வருவோம். விசில் சத்தத்தையும் ஆபத்தையும் மூளை அன்று ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டது. நீங்கள் குக்கரைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா? அந்த நிம்மதிதான் முடிச்சை இறுக்குகிறது. ‘விலகியதால் பிழைத்தேன்’ என்று உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். பூனைக்குச் சமைக்க வேண்டிய வேலை இல்லை.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளடைவில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் முயலைத் தொட்டு விளையாடினான். உங்களுக்கும் அதே வழிதான், முயலுக்குப் பதில் குக்கர்.

பரணிலிருந்து இறக்கி, இரண்டு நாள் அடுப்படியில் சும்மா வைத்திருங்கள். பிறகு வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றி, வாசற்படியில் நில்லுங்கள். விசில் வரும்போது பயம் நூற்றுக்கு எண்பது என்று ஏறும். அந்த உச்சத்தில் ஓடிவிடாதீர்கள், முழு முறையின் உயிரும் இதில்தான் இருக்கிறது. நின்றால் அது தானாகவே அறுபதாகும், நாற்பதாகும். பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால் பயம்தான் ஜெயிக்கும். தினமும் அதையே செய்யுங்கள், சலிப்புத் தட்டும்வரை. சலித்தபின் ஓரடி நெருங்குங்கள். அதன்பின் அரிசி, கடைசியாகப் பருப்பு. வரிசை வீட்டில் ஒரு வசதியும் உண்டு: காலை ஏழு மணிக்கு நாலு வீட்டு விசில் இலவசம். காதைப் பொத்தாமல் கேளுங்கள்.

வெயிட்டுக்கு நேராக முகத்தை நீட்டாமல் இருப்பது பயமல்ல, அதை விட்டுவிடாதீர்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் பயம் மறுபடி எட்டிப்பார்க்கலாம். பழைய முடிச்சு அழிவதில்லை, அதன் மேல் புதுப் பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். இரண்டு படி கீழே இறங்கி மறுபடி தொடங்குங்கள்.

அந்தக் காட்சி கனவில் வந்து எழுப்பினாலோ, தூக்கம் கெட்டாலோ, வீட்டு முயற்சியில் பயம் குறையாமல் போனாலோ தனியாகப் போராட வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குக் கிட்டத்தில்தான். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, தொடக்கத்தில் கணவர் பக்கத்தில் நிற்கட்டும். ஆனால் பருப்பு வேகவைக்கும் முதல் நாள், அவர் வேலைக்குப் போன நாளாக இருக்கட்டும்.