படகுக் கழிவறையில் தானாக ஏறும் தண்ணீர்

கேள்வி: எங்களுடையது 30 அடி பாய்மரப் படகு, கைப்பம்ப் டாய்லெட். படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடும்போதெல்லாம் டாய்லெட் பேசினில் தண்ணீர் தானாக ஏறுகிறது. ஜோக்கர் வால்வை (கழிவு வெளியேறும் வழியில் உள்ள ஒருவழி ரப்பர் வால்வு) மாற்றியும் நிற்கவில்லை. காலையில் முதல் தடவை பம்ப் அடித்தால் அழுகிய முட்டை வாடை வேறு. என்ன செய்வது?

பதில்: ஏறும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கலங்கலாக இருந்தால் கழிவுக் குழாயிலிருந்து திரும்பி வருகிறது. ஜோக்கர் வால்வின் வேலை அதைத் தடுப்பது மட்டும்தான். தெளிந்த கடல்நீர் என்றால் உள்ளிழுக்கும் குழாய் வழியே வருகிறது. உங்கள் கதை பெரும்பாலும் இதுதான். படகு சாய்ந்ததும் பேசின் விளிம்பு கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். பம்பின் தேய்ந்த ரப்பர் வால்வுகள் வழிவிடும். பம்பின் நெம்புகோலை உலர் பக்கம் (கடல்நீரை இழுக்காமல் பேசினை மட்டும் காலிசெய்யும் நிலை) திருப்பி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அரை மீட்டர் ஆழத்தில் 19 மி.மீ. துளை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் உள்ளே வரும்.

பம்பையும் பேசினையும் இணைக்கும் குட்டைக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 19 மி.மீ. ஹோஸை மேலே ஏற்றி இறக்குங்கள். உச்சியில் காற்று வால்வுள்ள லாட வடிவ வளைவு வேண்டும். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அது கடல்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலேயே நிற்க வேண்டும். பலர் இதைக் கடல் வால்வுக்கும் (படகின் அடிப்பகுதியில் குழாய் கடலைச் சேரும் இடத்தில் உள்ள அடைப்பான்) பம்புக்கும் நடுவில் மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். காற்று வால்வின் ரப்பரில் உப்புப் படியும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அவ்வப்போது கழுவுங்கள். 38 மி.மீ. கழிவுக் குழாய்க்கும் இதேபோல் ஒரு வளைவு தேவை. கடல் வால்வு முனைகளில் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டிரண்டு போடுங்கள். இந்த வேலை முடியும்வரை, டாய்லெட்டைப் பயன்படுத்திய ஒவ்வொரு தடவையும் இரு கடல் வால்வுகளையும் மூடிவையுங்கள்.

வாடைக்குக் காரணம் கழிவு அல்ல. உள்ளிழுக்கும் குழாயில் தேங்கும் கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகுகின்றன. பேசினில் நல்ல தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, அது இந்தக் குழாய்க்குப் போகாது. கடல் வால்வை மூடி, ஹோஸை அங்கே கழற்றி, முனையை நல்ல தண்ணீர் வாளிக்குள் விட்டுப் பம்ப் அடியுங்கள். படகைவிட்டுப் போகுமுன் இதைச் செய்தாலே போதும்.

அதற்கும் போகவில்லையா? சுடுநீரில் நனைத்த துணியைக் கழிவு ஹோஸில் சுற்றுங்கள். ஆறியதும் துணியை வெளியே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நாறினால் ஹோஸே வாடையைக் கசியவிடுகிறது. கழிவுக்கென்றே செய்த ஹோஸாகப் பார்த்து மாற்றுங்கள்.