‘ஸ்கேண்டல்’ என்ற சொல்லின் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

‘ஸ்கேண்டல்’ என்பதற்குச் சரியான பொருள் என்ன, அது எந்த மொழிச் சொல், தமிழில் ‘ஊழல்’ என்று எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில்: போதாது. ஏன் என்று சொல்ல முதல் இரண்டையும் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ மாத இதழ் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் பார்ப்பவன் என்பதால் இந்தச் சொல்லோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம்.

மூலம் கிரேக்கம். ‘ஸ்கண்டலோன்’ என்பது விலங்கு பிடிக்கும் பொறியில் இரை மாட்டி வைக்கும் குச்சி. இரையை இழுத்தால் குச்சி துள்ளும், பொறி விழும். நம் பழம்பாட்டில் இதற்குக் கச்சிதமான படம் ஒன்று இருக்கிறது. நற்றிணை 119-ஆம் பாட்டில், தினைப்புனக் காவலன் பன்றிக்காக வைத்த பொறியை ‘சிறுபொறி மாட்டிய பெருங்கல் அடாஅர்’ என்கிறார் புலவர். பெரிய கல்லை ஒரு பக்கம் தூக்கி நிறுத்தி, சின்ன விசை ஒன்றால் தாங்க வைப்பதுதான் அடார். பன்றிக்கு வைத்ததில் புலி வந்து விழுகிறது. அந்தச் ‘சிறுபொறி’ செய்கிற வேலைதான் ஸ்கண்டலோன் செய்கிற வேலை. கொல்வது என்னவோ கல்தான். ஆனால் கிரேக்கர்கள் இந்தப் பெயரைக் கல்லுக்கு வைக்கவில்லை, அதை விழவைக்கும் குச்சிக்கு வைத்தார்கள். இந்தச் சொல்லைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

துள்ளுதல், ஏறுதல் என்ற பொருளுடைய ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இது வந்தது என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. லத்தீனில் ஏறுவதைக் குறிக்கும் ‘ஸ்கண்டெரே’யும், சமஸ்கிருதத்தில் துள்ளுவதைக் குறிக்கும் ‘ஸ்கந்த்’ என்ற வினையும் அதே குடும்பம். முருகனின் ஸ்கந்தன் என்ற பெயரையும் அந்த வினையோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. வேர் ஒன்றானாலும் இரண்டும் போன வழி வேறு வேறு.

இந்தப் பொறிச்சொல் மனிதர்கள் மீது பாய்ந்ததற்குப் பழைய சாட்சி ஏதென்ஸில் கிடைக்கிறது. கி.மு. 425-இல் மேடையேறிய ஒரு நாடகத்தில் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபேனஸ், வாய்ச்சாலகமான இளம் வழக்காடிகள் தள்ளாத கிழவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்து வந்து, சொற்களால் பொறி வைத்துக் கேள்வி கேட்டு மடக்குவதாக முதியவர்களையே முறையிட வைக்கிறார். அங்கே அவர் பயன்படுத்துவது இதே சொல்லின் உடன்பிறப்பை. மாட்டிக்கொள்பவர் பேச்சில் வலுவில்லாத முதியவர் என்பதையும் பாருங்கள்.

அடுத்த பெரிய திருப்பம் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு தொடங்கி யூதர்களின் வேதநூல்கள் அங்கே எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் போயின. கண்ணி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லுக்கும், கால் தடுக்கும் கல் என்று பொருள்படும் வேறொரு சொல்லுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஸ்கண்டலோன்’ என்றே போட்டார்கள். அந்த நூல்களில் ஒன்றான லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை: செவிடனைச் சபிக்காதே, குருடன் முன்னால் தடுக்கும் கல்லை வைக்காதே. அந்தக் கல்லுக்குக் கிரேக்கத்தில் ஸ்கண்டலோன். காது கேளாதவனுக்கு வசவு கேட்காது, கண் தெரியாதவனுக்கு வைத்தது யாரென்று தெரியாது. திருப்பித் தாக்க முடியாதவனுக்கு எதிராகச் செய்கிற கோழைத்தனம் அது. இந்தச் சொல்லின் நெஞ்சுப்பகுதி அந்த வசனத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

புதிய ஏற்பாடு இதை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. பழைய தமிழ் வேதாகமத்தோடு வளர்ந்தவர்களுக்கு ‘இடறல்’ என்ற சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். பேதுருவைப் பார்த்து இயேசு ‘நீ எனக்கு இடறலாயிருக்கிறாய்’ என்கிற இடம், சிலுவை ‘யூதருக்கு இடறலாயும்’ இருக்கிறது என்று பவுல் எழுதுகிற இடம், எல்லாம் ஸ்கண்டலோன்தான். ஆனால் எல்லாவற்றிலும் கடுமையானது மத்தேயு 18-ஆம் அதிகாரம். ஒரு சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு இயேசு பேசுகிறார்: இந்தச் சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டி ஆழ்கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம். தமிழில் ‘ஏந்திரக்கல்’ என்று படிக்கும்போது வீட்டுத் திரிகைதான் நம் கண்ணில் வரும். கிரேக்கத்தில் இருப்பது கழுதை சுற்றும் ஆலைக்கல். கையால் சுற்றுகிற கல்லே இல்லை. அவ்வளவு பெரிய கல்லைச் சொல்கிற அளவுக்குக் கோபம்.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெரோம் என்ற வேத அறிஞர் லத்தீனில் வேதாகமத்தைக் கொண்டுவந்தபோது சொல்லை மொழிபெயர்க்காமல் ‘ஸ்கண்டலும்’ என்று அப்படியே வைத்துக்கொண்டார். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அதற்கு இலக்கணம் எழுதினார்: இன்னொருவர் ஆன்மா வீழ்வதற்கு வாய்ப்பளிக்கிற, நேர்மை குறைந்த சொல்லோ செயலோ ஸ்கண்டலும். ஒருவர் செய்த தப்பு எத்தனை பேருக்குத் தெரிந்தது என்ற கணக்கே இதில் கிடையாது. அதைக் கண்டவன் விழ அது வழிவிட்டதா என்பதுதான் கேள்வி. உண்மையைச் சொன்னால் இடறல் வருமே, அப்போது என்ன செய்வது என்ற கேள்வியையும் அக்வினாஸ் விடவில்லை. அவருக்குப் பல நூற்றாண்டு முந்திய போப் பெரிய கிரகோரியின் வாக்கை எடுத்துக்காட்டுகிறார்: உண்மையால் இடறல் உண்டாகிறது என்றால், உண்மையைக் கைவிடுவதைவிட இடறல் வரட்டும் என்று விடுவதே மேல். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

சொல் தடம் மாறியது பெயர், புகழ், மானம் என்ற பக்கம் போனபோது. பழைய பிரெஞ்சில் அது உருமாறி, ஆங்கிலத்துக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. ஒரு வழியில் வந்தது ‘ஸ்லாண்டர்’, இன்னொரு வழியில் வந்தது ‘ஸ்கேண்டல்’. அவதூறும் ஸ்கேண்டலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1275-இல் இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் ஒரு புதுக் குற்றத்தை உருவாக்கியது. நாட்டின் பெரிய மனிதர்களைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புவது அந்தக் குற்றம். பின்னாளில் அதற்கு ‘ஸ்கண்டலும் மக்னாட்டும்’, அதாவது பெரியோர்க்கு எதிரான ஸ்கண்டலும் என்று பெயர் நிலைத்தது. 1887-இல்தான் அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். சிறியவர்கள் தடுக்கி விழாமல் காக்கப் பிறந்த சொல், பெரியவர்களின் பெயர் கெடாமல் காக்கும் சொல்லாக 600 வருடம் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இன்றைய பொருளும், அதாவது மானக்கேடு, ஊர்வாயில் விழுதல் என்பதும், ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது.

இந்தப் பொருள் மாற்றம் அகராதியோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். அயர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் டப்ளின் மறைமாவட்டத்தில் குருக்கள் சிறுவர் சிறுமியர் மீது நடத்திய பாலியல் வன்கொடுமைப் புகார்களை, 1975 முதல் 2004 வரை திருச்சபையும் அரசும் எப்படிக் கையாண்டன என்று நீதிபதி இவோன் மர்ஃபி தலைமையிலான ஆணையம் விசாரித்தது. அறிக்கை 2009 நவம்பரில் வெளியானது. குறைந்தது 1990-களின் நடுப்பகுதி வரை அந்த மறைமாவட்டத்தின் அக்கறைகள் எவை என்று அது வரிசைப்படுத்துகிறது: இரகசியம் காப்பது, ‘ஸ்கேண்டல்’ வராமல் தவிர்ப்பது, திருச்சபையின் நற்பெயரைக் காப்பது, சொத்துகளைக் காப்பது. பிள்ளைகளின் நலனும் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதியும் இவற்றுக்குப் பின்னால்தான் வந்தன என்றும் சொல்கிறது.

அந்தப் பட்டியலில் இரண்டாவதை மட்டும் திரும்பப் படியுங்கள். சுவிசேஷத்தில் எந்தப் பிள்ளைகளுக்காக ஏந்திரக்கல் பேசப்பட்டதோ, அதே பிள்ளைகளுக்கு நடந்ததை மூடி மறைக்க அதே சொல் காரணமாகிவிட்டது. குரு செய்ததுதான் ஸ்கண்டலும். பிள்ளை வாய் திறந்து சொன்னது அல்ல. இதை இறையியல் படித்தவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. கிரகோரியின் அந்த வாக்கு அவர்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே.

அயர்லாந்துக்கு ஏன் போக வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், விடுதியில் தங்கிப் படித்த பெண்பிள்ளை ஒருத்தி அங்கிருந்த பொறுப்பாளர் மேல் புகார் சொன்னாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ‘வெளிய தெரிஞ்சா நம்ம பேருதாம்மா கெட்டுப்போகும், உனக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி இருக்கு, நிறுவனத்துக்கும் கெட்ட பேரு’ என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினார்கள். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் கிடைத்தது. அவள் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. அந்தக் கூட்டத்தில் பேசிய யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பேரு, பேரு என்று சொன்ன வாயில் ஒருமுறைகூடப் பிள்ளையின் பெயர் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவில்லை. 1983-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1341-ஆம் விதி, தண்டனை எதற்கு என்று சொல்லும்போது ஸ்கேண்டலைச் ‘சீர்செய்வது’, நீதியை நிலைநாட்டுவது, தவறியவரைத் திருத்துவது என்று மூன்றைச் சொல்கிறது. சீர்செய்ய வேண்டிய சேதம் என்றுதான் அங்கே பொருள். மறைக்க வேண்டிய செய்தி என்று பொருளில்லை. 2019 டிசம்பரில் போப் பிரான்சிஸ், குருக்கள் மேலான பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு இருந்த ‘பாப்பரசு இரகசியம்’ என்ற கடுமையான இரகசியக் கட்டுப்பாட்டை நீக்கினார். எவ்வளவோ தாமதம், இருந்தாலும் அது சரியான திசை.

இனி தமிழுக்கு வருகிறேன். ‘ஊழல்’ என்றால் அழுகல். பதவியும் பணமும் சேர்ந்து அழுகுகிற விவகாரங்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பீரங்கி பேரமோ பங்குச்சந்தை மோசடியோ வந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் ஒரு நடிகரின் மணமுறிவை ஊடகங்கள் ‘ஸ்கேண்டல்’ என்றால் அதை ஊழல் என்று எழுதக் கூடாது. அங்கே நடப்பது ஊர்ப்பேச்சு. அதற்கு நம்மிடம் சங்க காலத்திலிருந்தே ‘அலர்’ இருக்கிறது. வாய்க்குள் முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல், பெயர் சொல்லி ஊரறியப் பேசினால் அலர். குறளில் ‘அலரறிவுறுத்தல்’ என்று தனி அதிகாரமே உண்டு. ‘ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்’ என்று, பழிப்பேச்சே காதலுக்கு உரமாவதை அதில் படிக்கலாம். செய்தித்தாளில் ‘அலர்’ என்றால் இன்று பலருக்குப் புரியாது என்பதால் ‘சர்ச்சை’ என்றோ ‘கிசுகிசு’ என்றோ இடம் பார்த்துப் போடலாம். சொன்னது பொய், சொன்னவர் மேல் வழக்குப் போடலாம் என்றால் மட்டும் ‘அவதூறு’. உண்மையான புகாரை அவதூறு என்று எழுதிவிட்டால் புகார் சொன்னவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். மெய்ப்புப் பார்க்கும்போது நான் பிடிவாதமாக மாற்றும் இடம் அதுதான்.

நிறுவனங்களுக்குள் நடந்த வன்கொடுமையை எழுதும்போது இவை எதுவும் பொருந்தாது. ‘பாலியல் ஸ்கேண்டல்’, ‘பாலியல் சர்ச்சை’ என்றெல்லாம் வரும் வாக்கியங்களில் நான் சொல்லை எடுத்துவிட்டு என்ன நடந்ததோ அதையே எழுதச் சொல்கிறேன்: வன்கொடுமை என்றால் வன்கொடுமை, மூடி மறைத்தல் என்றால் மூடி மறைத்தல். வேதாகமம் சார்ந்த கட்டுரை என்றால் ‘இடறல்’ என்றே விட்டுவிடுங்கள், வாசகர்களுக்குப் புரியும்.