லீவு போடறவன் எல்லாம் சோம்பேறியா?

கேள்வி: 35 வருஷ சர்வீஸ்ல நான் போட்ட லீவ விரல் விட்டு எண்ணிடலாம். என் பையன் வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள "மனசு சரியில்ல"ன்னு லீவு போடறான். இந்தக் காலத்து பசங்களுக்கு உடம்பு வளையலன்னு சொன்னா தப்பா?

பதில்: தப்புதான் சார். லீவு என்ன உங்க பையன் கண்டுபிடிச்சதா? 1886ல சிகாகோல எட்டு மணி நேர வேலை கேட்டு ஸ்ட்ரைக் பண்ணவங்க, 1936ல பிரான்ஸ்ல ஃபேக்டரி ஃபேக்டரியா உள்ளயே உக்காந்து போராடி சம்பளத்தோட ரெண்டு வாரம் லீவு வாங்கினவங்க, இவங்கல்லாம் உங்களுக்கே தாத்தா வயசு. அவங்க அடிபட்டு வாங்கினத நீங்க தொடாம வச்சிருந்தீங்க, பையன் எடுத்து செலவு பண்றான், அவ்ளோதான்.

இன்னொண்ணு, உங்க காலத்துல ஆபீஸ பூட்டினா வேலையும் உள்ளயே பூட்டிக்கும், சாயந்திரம் வீட்டுக்கு வந்துட்டா மேனேஜர் நெனச்சாலும் உங்கள பிடிக்க முடியாது. இப்ப ராத்திரி பத்து மணிக்கு "ஒரு சின்ன டவுட்"னு மெசேஜ் வருது, ப்ளூ டிக் விழுந்துட்டா பதில் சொல்லியே ஆகணும். அதனாலதான் பிரான்ஸ்ல 2017ல, வேலை நேரம் முடிஞ்சப்புறம் போன், மெயில் பாக்காம இருக்கறதையும் உரிமைன்னு சொல்ற சட்டம் அமலுக்கு வந்துச்சு. நீங்க லீவே போடலன்னு சொல்றீங்களே, தினமும் பாதி நாள் லீவுலதான் இருந்திருக்கீங்க!

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா பக்கவாதம் வர்ற ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனமும் ஐ.எல்.ஓ.ங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல சொல்லிருக்காங்க. இது அப்பாவுக்கும் பொருந்தும், பையனுக்கும் பொருந்தும்.

பசங்க பக்கமும் குறை இல்லாம இல்ல. ஒன்பது மணி ஷிஃப்ட்டுக்கு எட்டே முக்காலுக்கு மெசேஜ் தட்டிவிட்டு போன ஆஃப் பண்ணிடறாங்க, அன்னிக்கு அவங்க வேலையும் சேத்து பாக்கறவனுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல.

நானும் ஒரு காலத்துல உங்க கட்சிதான். மூணு வருஷம் லீவே எடுக்காம இருந்துட்டு, டாக்டர் மிரட்டினதால ஒரு மாசம் படுத்துட்டேன். திரும்பி வந்து பாத்தா நம்ம பத்திரிகை ஒரு நாள்கூட தள்ளாம ஒழுங்கா வந்திருந்துச்சு, போதாக்குறைக்கு அந்த மாசம் பிழைகூட கம்மி. உடம்பு வலிய விட அதுதான் ரொம்ப வலிச்சுது.

கடைசியா நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க லீவு போடாத அந்த 35 வருஷத்துல பையனுக்கு காய்ச்சல் அடிச்சப்பல்லாம் பக்கத்துல யாரு உக்காந்திருந்தாங்க? அவங்ககிட்டயும் இதே கேள்விய கேட்டு, வர்ற பதில எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல அப்படியே போடறேன்.