சொந்த சீட் இல்லாத ஆபீஸ்: கேள்வி பதில்

பேசிலிட்டிஸ் வேலையில், அதாவது ஆபீஸ் கட்டடத்தையும் இட வசதியையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். நிரந்தர சீட்டை எடுத்துவிட்டு, செய்கிற வேலைக்கு ஏற்ற இடத்தில் உட்காரும் முறைக்கு எங்கள் ஆபீஸை மாற்றிய டீமில் இருந்தேன். கேளுங்கள்.

இதுவும் ஹாட் டெஸ்க்கும் ஒன்றுதானே சார்?

இல்லை. ஹாட் டெஸ்க்கில் சீட் பொது, அவ்வளவுதான். இதில் சத்தமில்லாத அறை, கூடிப் பேச மேசை, போன் பூத் என்று வேலைக்கு ஒரு இடம் வேண்டும். அதையெல்லாம் கட்டாமல் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றினால், மிச்சம் பிடிப்பது வாடகை.

100 பேருக்கு எத்தனை சீட் போடலாம்?

முதலில் எண்ணுங்கள். ஆக்சஸ் கார்டு கணக்கு போதாது. ஆள் கட்டடத்துக்குள் வந்ததைத்தான் அது காட்டும், சீட்டில் இருந்ததை அல்ல. நாங்கள் இரண்டு வாரம், மணிக்கு ஒரு தடவை, கையில் பேடோடு நடந்தோம். மூன்றே குறி: ஆள் இருக்கிறார், காலி, ஆள் இல்லை ஆனால் நாற்காலி முதுகில் துப்பட்டா தொங்குகிறது. அந்த மூன்றாவது குறி எங்களையே அசத்தியது. அப்புறம், சராசரியை நம்பாதீர்கள். 70 சீட் போட்டு, ஒரு புதன்கிழமை 78 பேர் வந்தால் எட்டுப் பேர் பேன்ட்ரியில்தான்.

பையை வைத்து சீட் பிடிக்கிறார்களே?

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த ஊர் சார் இது! இரண்டு மணி நேரம் ஆளில்லை என்றால் பையை எடுத்து வைக்கலாம் என்று விதி போடுங்கள். அதற்கு முன் லாக்கர் கொடுங்கள். 1990களில் லாஸ் ஏஞ்சலீஸில் சியாட்-டே என்ற விளம்பர நிறுவனம் எல்லோருடைய மேசையையும் எடுத்துவிட்டது. லேப்டாப்பும் போனும் தினமும் கவுண்டரில் வாங்க வேண்டும். அவையும் எல்லோருக்கும் போதவில்லை. காகிதங்களைக் கார் டிக்கியில் வைத்தார்கள். ஒருவர் பொம்மை வண்டியில் இழுத்துக்கொண்டே திரிந்தார். சில வருடத்தில் மேசைகள் திரும்பி வந்தன. லாக்கர், லாக்கர், லாக்கர்.

முதுகுவலிக்குத் தனி நாற்காலி வைத்திருக்கிறேன்.

உங்கள் சீட்டை யாரும் தொடக்கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டமே இருக்கிறது. எச்.ஆரிடம் எழுதிக் கேளுங்கள்.

200 பேருக்கு எத்தனை சீட்?

எண்ணுங்கள்.

கணக்குப் பிரிவையும் மாற்றலாமா?

சம்பளப் பட்டியலைத் திரையில் திறந்து வைத்திருப்பவரை நடைபாதை ஓரத்தில் உட்கார வைப்பீர்களா? விட்டுவிடுங்கள்.

மேனேஜர் கேபினையும் எடுக்கணுமா?

எடுக்கணும். முதலில் அதுதான்.

அப்ரைசல் பேச்சை எங்கே பேசுவார்? நடுக்கூடத்திலா?

கதவுள்ள அறையில். கேபினைத்தான் எடுக்கச் சொன்னேன், கதவை அல்ல.

சார், உங்கள் ஆபீஸில் பெரிய தலைகள் நிஜமாகவே இடம் மாறி உட்கார்ந்தார்களா?

கேட்டுவிட்டீர்கள். இல்லை. எங்கள் டைரக்டர் தினமும் அதே ஜன்னலோர சீட். சுவர் இல்லாத கேபின்.

எப்படிச் சரி செய்தீர்கள்?

நான் எங்கே செய்தேன்? அவரே புனேவுக்கு மாற்றலாகிப் போனார். ஐந்து மாதம் ஆகிறது. கூட்டம் நிரம்பும் புதன்கிழமையில்கூட அந்த சீட்டில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

50 பேருக்கு எத்தனை சீட் அண்ணா?

தம்பி, மேலே போய்ப் படிங்க.