சார்கொய்டோசிஸ் ஈரலையும் அதன் இரத்தக் குழாய்களையும் பாதிக்குமா?

அம்மாவுக்கு நுரையீரலில் சார்கொய்டோசிஸ், இப்போது ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பொஸ்படேஸ் என்ற எண்ணும் கூடியிருக்கிறது, ஈரலுக்கும் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போயிருக்கலாம். என் அக்காவுக்கும் இதே நோய்தான். திருக்கோவிலிலிருந்து மட்டக்களப்புக்குக் கிளினிக் கொப்பியோடு அவவைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் விளங்கியதைச் சொல்கிறேன்.

இந்த நோயில் கிரனுலோமா என்ற நுண்ணிய கட்டிகள் உறுப்புகளில் உருவாகும். ஈரலில் துளி சதை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் அவை இருக்கும். பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வராது. ஆகவே அந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கவனிக்க வேண்டியது இரத்தக் குழாயை. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ஈரலுக்கு இரத்தம் கொண்டுவருவது போர்ட்டல் நாளம். அதன் சின்னக் கிளைகள் ஓடும் இடத்தில்தான் கட்டிகள் அதிகம் வரும். வாய்க்கால் வாயில் மண் அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கி வரம்பை உடைக்கும் அல்லவா, அப்படி அழுத்தம் ஏறி மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைக்கும். ஈரல் சுருங்கி சிரோசிஸ் ஆன பிறகுதான் இது வரும் என்று நினைத்திருந்தேன். சிரோசிஸ் இல்லாமலும் வரும்.

அக்கா நாலு வாய் சோறு சாப்பிட்டதும் இடப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து, "காணும் தம்பி" என்று கோப்பையைத் தள்ளிவிடுவா. கவலையில் பசியில்லை என்று விட்டுவிட்டோம். பெருத்த மண்ணீரல் இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொப்பியில் பிளேட்லெட் 190,000, பிறகு 150,000, பிறகு 110,000 என்று இறங்கிக்கொண்டே இருந்தது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. புதிதாக வந்த டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் ஸ்கேனுக்கு எழுதினார். மண்ணீரல் பெருத்திருந்தது. எண்டோஸ்கொப்பியில் புடைத்த நாளங்களும் தெரிந்தன. ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் புரொப்ரனலோல் குளிசை தொடங்கினார்கள். குடிக்காத மனுசிக்கு எப்படி ஈரல் வருத்தம் என்று ஊரில் கேட்டதுதான் அவவுக்கு ஊசியை விட வலித்தது.

நீங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து பிளேட்லெட்டை வரிசையாக எழுதிப் பாருங்கள். நாளங்களில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கேன் வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டெராய்ட் மருந்தைத் தொடங்கும் முன் காசநோய் இல்லை என்று பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள், அதிலும் கிரனுலோமா வரும். ஸ்டெராய்டால் ஈரல் எண்கள் இறங்கினாலும் நாளத்தின் அழுத்தம் இறங்கும் என்று நம்பியிருக்க முடியாது. மூட்டு நோவுக்கு டைக்ளோபெனக் மாதிரிக் குளிசைகளை டொக்டரிடம் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ புடைத்த நாளம் வெடித்திருக்கலாம், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.