கர்னல் மாட்யூல் ஏறவில்லையா? மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சுற்றுவட்டாரத்து நண்பர்கள் அனுப்பியவற்றில் கர்னல் மாட்யூல் தொடர்பான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; மாட்யூல் என்பது தேவைப்படும்போது அதில் ஏற்றிக்கொள்ளும் நிரல் துண்டு.

திருமங்கலம், பொறியியல் மாணவர்: அண்ணே, பாடத்துக்காக ஒரு சின்ன மாட்யூல் எழுதினேன். கம்பைல் சுத்தமாகப் போனது. அதை ஏற்ற இன்ஸ்மாட் கட்டளை கொடுத்தால் 'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மேட்' என்கிறது. கோடில் என்ன தப்பு?

தம்பி, இப்போதைக்குக் கோடைத் தொடாதீர்கள். ஒரு மாட்யூலை ஏற்க மறுக்கும்போது கர்னல் திருப்பிக் கொடுப்பது ஒரு பிழை எண்ணை மட்டும்தான். அந்த எண்ணுக்குத் தன்னிடம் உள்ள பொதுவான வாசகத்தை இன்ஸ்மாட் திரையில் போடுகிறது, அவ்வளவே. உண்மையான காரணம் கர்னலின் பதிவில் இருக்கும். 'சூடோ டிமெசேஜ்' கொடுத்துக் கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். 'வெர்ஷன் மேஜிக்' என்றோ, 'டிஸ்அக்ரீஸ் அபௌட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்' என்றோ ஒரு வரி இருந்தால், மாட்யூல் வேறொரு கர்னலுக்காகக் கட்டப்பட்டது என்று அர்த்தம்.

சரிபார்ப்பது எளிது. மாட்யூல் எந்தக் கர்னலுக்காகக் கட்டப்பட்டது என்று 'மாட்இன்ஃபோ' காட்டும் வெர்மேஜிக் வரியையும், 'யூநேம் -ஆர்' தரும் ஓடும் கர்னலின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 6.8.0-45, மற்றதில் 6.8.0-47 என்று இருந்தால் கதை முடிந்தது. அப்டேட் புதிய கர்னலைப் போட்டிருக்கும், நீங்கள் ரீபூட் செய்திருக்க மாட்டீர்கள். அல்லது மேக்ஃபைலில் பழைய பாதையை நேரடியாக எழுதியிருப்பீர்கள். இப்போது ஓடும் கர்னலுக்கான ஹெடர்களை (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகளை) நிறுவி, 'மேக் கிளீன்' செய்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

அதே மாணவர்: இன்னொரு மாட்யூலில் 'அன்னோன் சிம்பல்' வருகிறதே?

சிம்பல் என்பது மாட்யூல் வெளியிலிருந்து அழைக்கும் ஒரு ஃபங்ஷனின் அல்லது மாறியின் பெயர். பெரும்பாலும், அது நம்பியிருக்கும் வேறு மாட்யூல் இன்னும் ஏறவில்லை. எந்த சிம்பல் என்பதையும் டிமெசேஜ் பெயரோடு சொல்லும். இன்ஸ்மாட் கொடுத்த கோப்பை மட்டும் ஏற்றும், சார்புகளைத் தேடாது. மாட்ப்ரோப் தேடும். உங்கள் கோப்பை '/லிப்/மாட்யூல்ஸ்' கீழ் ஓடும் கர்னலின் அடைவில் வைத்து, சார்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'டெப்மாட் -ஏ' ஓட்டிய பிறகு மாட்ப்ரோப் கொடுங்கள்.

உசிலம்பட்டி, பள்ளி ஆசிரியை: சார், பிள்ளைகளுக்காக விலை குறைந்த ஆர்டுயினோ போர்டுகள் வாங்கினோம். உபுண்டு 22.04-இல் செருகினால் டிடிஒய்-யூஎஸ்பி0 (போர்டோடு பேசும் சீரியல் போர்ட்) ஒரு நொடி தோன்றி மறைந்துவிடுகிறது. போர்டின் யூஎஸ்பி சிப்பை இயக்கும் சிஎச்341 மாட்யூல் கெட்டுவிட்டதா?

இல்லை டீச்சர், மாட்யூல் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. போர்டைச் செருகியவுடன் டிமெசேஜ் பாருங்கள். சிஎச்341 இணைந்த வரிக்குக் கொஞ்சம் கீழே 'இன்டர்ஃபேஸ் 0 கிளெய்ம்டு பை சிஎச்341 வைல் பிஆர்எல்டிடிஒய்' என்று ஒரு வரி, அடுத்து இணைப்பு துண்டிக்கப்பட்ட வரி. பிஆர்எல்டிடிஒய் என்பது பிரெய்ல் திரைகளை இயக்கும் நிரல். உங்கள் போர்டில் உள்ள சிஎச்340 சிப்பின் அடையாள எண் 1ஏ86:7523. சில பிரெய்ல் கருவிகளும் இதே எண்ணோடு வருவதால், உங்கள் போர்டைப் பிரெய்ல் திரை என்று நினைத்து அந்த நிரல் பிடுங்கிக்கொள்கிறது.

'பிஆர்எல்டிடிஒய்யை நீக்கிவிடு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நீக்கினால் போர்டு வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அது பள்ளிக் கணினி. பார்வையற்ற பிள்ளை ஒருவர் நாளைக்கு அதே கணினியில் வந்து உட்காரலாம், அவருடைய பிரெய்ல் திரை இயங்க வேண்டும். அதனால் '/யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி'யில் உள்ள பிஆர்எல்டிடிஒய் விதிக் கோப்பை (கருவி செருகப்பட்டால் என்ன செய்வது என்று சொல்வது) அதே பெயரில் '/ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி'க்கு நகலெடுத்து, அந்த நகலில் 1ஏ86, 7523 உள்ள விதியை மட்டும் கமென்ட் செய்யுங்கள். ஈடிசி-யில் உள்ள நகலுக்குத்தான் முன்னுரிமை, அப்டேட் வந்தாலும் அழியாது. கணினியை ஒருமுறை ரீபூட் செய்துவிட்டுப் போர்டைச் செருகுங்கள்.

டவுன்ஹால் ரோடு, கணினி பழுதுபார்ப்பவர்: வாடிக்கையாளர் லேப்டாப்பில் வைஃபை மாட்யூல் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறது. செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் ஏற்கும் பாதுகாப்பை) அணைத்துக் கொடுத்துவிடலாமா?

அணைக்காதீர்கள் அண்ணே. அது வாடிக்கையாளருடைய பாதுகாப்பு, அவரைக் கேட்காமல் கழற்றக் கூடாது. மாட்யூலுக்குக் கையொப்பமிட்ட சாவி கர்னல் நம்பும் சாவிகளில் இல்லை என்பதுதான் சிக்கல். உபுண்டுவில் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைத் தானாகக் கட்டும் கருவி) கட்டும் மாட்யூல் என்றால் சாவி ஏற்கெனவே உருவாகி '/வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்' அடைவில் இருக்கும். 'மோக்யூட்டில் --இம்போர்ட்' என்று அங்குள்ள 'மோக்.டெர்' கோப்பின் பாதையோடு கொடுத்து ஒரு கடவுச்சொல் வையுங்கள். ரீபூட்டில் நீலத் திரை வரும், அதில் 'என்ரோல் மோக்' தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்தத் திரை சில நொடிகள்தான் நிற்கும். டீ குடிக்கப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து.

மேலூர், வீட்டிலிருந்து வேலை செய்பவர்: அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது பூட் ஆகிறது, ஆனால் வைஃபை இல்லை.

பூட் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலில் ஏறுங்கள். அதில் வைஃபை வந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, புதிய கர்னலுக்கு மாட்யூல் கட்டி முடியவில்லை என்று தெரிந்துவிடும். அங்கிருந்தே 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஓட்டினால் பாதியில் நின்ற வேலை தொடரும். அப்புறம் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். புதிய கர்னலுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' இல்லையென்றால், அந்தக் கர்னலின் ஹெடர்களை நிறுவி 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் -கே' கொடுத்து அதன் பெயரையும் சேர்த்து ஓட்டுங்கள். பெயரை விட்டுவிட்டால் ஓடும் பழைய கர்னலுக்கே கட்டும். மின்தடை அறிவிப்பு வந்த நாளில் கர்னல் அப்டேட் வேண்டாம்.

கே.கே.நகர்: 'மாட்யூல் இஸ் இன் யூஸ்' என்று, மாட்யூலை இறக்கும் ஆர்எம்மாட் மறுக்கிறது. வலுக்கட்டாயமாக நீக்கலாமா?

கூடாது, கர்னலே கவிழ்ந்துவிடலாம். ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட்டின் மூன்றாம் நெடுவரிசையில் எண்ணும், அதைப் பிடித்திருக்கும் மாட்யூல்களின் பெயரும் இருக்கும். அவற்றை முதலில் இறக்குங்கள். எண் இருந்து பெயர் இல்லையென்றால் ஏதோ ஒரு நிரல் அந்தக் கருவியைத் திறந்து வைத்திருக்கலாம். அதை மூடுங்கள்.

திருப்பரங்குன்றம்: ஏற வேண்டாம் என்று பிளாக்லிஸ்ட்டில் போட்ட மாட்யூல் மறுபடி மறுபடி ஏறுகிறதே?

பிளாக்லிஸ்ட் வரி தானியங்கி ஏற்றத்தை மட்டும்தான் தடுக்கும். வேறு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தாலோ, யாராவது மாட்ப்ரோப்பில் பெயர் சொல்லி அழைத்தாலோ ஏறிவிடும். '/ஈடிசி/மாட்ப்ரோப்.டி' அடைவில் உள்ள '.கான்ஃப்' கோப்பில் 'இன்ஸ்டால்' என்று எழுதி, மாட்யூல் பெயர், பக்கத்தில் '/பின்/ஃபால்ஸ்' என்று ஒரு வரி சேருங்கள். 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்ட மறக்காதீர்கள். பூட் தொடக்கத்தில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறிய கோப்புத் தொகுப்பு) என்பதற்குள் இருக்கும் பழைய நகல்தான்.