சீசரின் முகம் யாருடையது?

கேள்வி: 'டான் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' (2014) படத்தை வீட்டில் மீண்டும் பார்த்தோம். அந்த வாலில்லாக் குரங்குகளின் நடிப்பு நடிகர்களுடையதா, கணினியுடையதா? 2011இல் வந்த முதல் படத்தைவிட இது மேலானதா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டும் சேர்ந்ததுதான்; ஆனால் உயிர் நடிகரிடமிருந்தே வருகிறது. குரங்குகளின் தலைவன் சீசராக நடித்த ஆண்டி செர்கிஸின் உடலசைவை உடையில் பொருத்திய குறிகள் வழியாகவும், முகபாவத்தைத் தலையில் மாட்டிய சிறு கேமரா வழியாகவும் பதிவு செய்து, அதன்மேல் வேட்டா டிஜிட்டல் என்ற கணினி வரைகலை நிறுவனத்தின் கலைஞர்கள் ரோமத்தையும் மழை ஈரத்தையும் உருவாக்கினார்கள். ஸ்டுடியோவோடு நில்லாமல் வான்கூவர் பகுதிக் காடுகளிலும் படமாக்கியதால், உங்கள் பக்கத்து நெல்லியாம்பதிக்குள் நுழைந்ததுபோன்ற குளிர்ச்சியைப் படத்தில் உணர்ந்தேன்.

மாட் ரீவ்ஸ் இயக்கிய இந்தப் படமே மேலானது என்பேன். காரணம் கோபா என்ற குரங்கு. ஆய்வுக்கூடத் தழும்புகளைச் சுமக்கும் அந்தப் பாத்திரம், ஆயுதம் ஏந்திய மனிதர்கள் முன் சர்க்கஸ் குரங்காகக் கோமாளித்தனம் காட்டிவிட்டுச் சட்டென்று துப்பாக்கியைக் கைப்பற்றும் காட்சியில், டோபி கெபெல் ஒரே முகத்தில் இரண்டு பாத்திரங்களை நடித்திருக்கிறார். மனிதப் பாத்திரங்கள் மெலிந்தவைதான். கேரி ஓல்ட்மனுக்குக்கூடப் போதிய இடமில்லை. ஆனால் சைகை மொழியிலேயே நகரும் தொடக்கக் காட்சிகளை, தமிழும் மலையாளமும் புழங்கும் உங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றுபோலவே புரிந்துகொண்டிருப்பீர்கள்.